கைகளைப் பார்ப்பவர்

முதல் நாள் பேங்க் வாசலில் நான் வணக்கம் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது கையில் சாப்பாட்டுப் பை, இடது கையில் செல்போன். இரண்டையும் பார்த்து முடித்த பிறகுதான், "வணக்கம் மேடம், உள்ள போங்க" என்றார்.

ஆண்களின் பார்வை எங்கே போகிறது என்று கவனிக்கும் பழக்கம் பெண்களுக்குத் தானாக வந்துவிடும். இது அந்த மாதிரிப் பார்வை இல்லை என்று உடனே தெரிந்தது. ஆனாலும் நிம்மதி வரவில்லை. என் கையில் என்ன இருந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பேங்க் கிளை அரியலூரைத் தாண்டி, சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கு நடுவில் இருந்த ஒரு ஊரில் இருந்தது. மேனேஜர், நான், இன்னொரு கிளார்க், பிறகு வாசலில் துப்பாக்கியோடு அவர். அவ்வளவுதான் கிளை. பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். ஊர்க்காரர்களுக்கு அவர் 'மிலிட்டரி'. நான் மிலிட்டரி அண்ணே என்று கூப்பிடுவேன். என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவராக இருப்பார். தலைமுடி மட்டும் அதற்குள் முழுக்க நரைத்திருந்தது.

காலையில் நாங்கள் கதவைத் திறந்தாலும் முதலில் உள்ளே போவது அவர்தான். ரெக்கார்டு ரூம், பாத்ரூம், ஜெனரேட்டர் இருக்கும் சந்து, கடன் விளம்பரம் ஒட்டிய ஆளுயரப் பலகையின் பின்பக்கம், எல்லாம் பார்த்துவிட்டு வந்து தலையசைப்பார். அதற்குள் ஐந்து நிமிஷம் ஆகிவிடும். மேனேஜர் வெயிலில் நின்றுகொண்டு, "நேத்து சாயங்காலம் நாமதானப்பா பூட்டிட்டுப் போனோம்" என்பார். மறுநாளும் அதே ஐந்து நிமிஷம் ஆகும்.

வரும் ஜனங்களின் கைகளையும் அப்படித்தான் பார்ப்பார். துண்டுக்குள் கை இருந்தால், "கைய வெளிய எடுங்க" என்பார். மடியில் கையை விட்டுச் சுருக்குப்பை எடுக்கும் கிழவிகளிடமும் அதே வார்த்தைதான். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அந்தக் குரலுக்கு யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள்.

இதெல்லாம் சேர்ந்து அவரை நான் வெறுத்திருக்க வேண்டும். வெறுக்க முடியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு.

முதியோர் பென்ஷன் வாங்க வருகிறவர்களுக்குக் கைரேகை மிஷினில் விரல் வைக்க வேண்டும். அந்த ஊரில் பாதிப் பேருக்கு ரேகையே கிடையாது. கல் உடைத்து, களை எடுத்து, முந்திரிக்கொட்டை சுட்டு உடைத்து, விரல் நுனியெல்லாம் தேய்ந்து போயிருக்கும். நாங்கள் நாலு தடவை வைக்கச் சொல்வோம். மிஷின் நாலு தடவையும் இல்லை என்று சொல்லும். "நாளைக்கு வாங்க" என்போம். அவர்கள் எத்தனையோ மைல் நடந்து வந்திருப்பார்கள்.

ஒரு நாள் அவர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு என் கவுன்ட்டர் பக்கம் வந்தார். உடையார்பாளையத்துப் பக்கத்தில் முந்திரி உடைத்த ஒரு கிழவி அழாத குறையாக நின்றுகொண்டிருந்தாள். அவள் கையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஈரத்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். தன் உள்ளங்கையில் வைத்துச் சூடு வரத் தேய்த்தார்.

"அம்மாயி, கட்டவெரல் வேணாம். இடது கை மோதிர வெரல வைங்க. அமுக்காதீங்க, சும்மா வைங்க."

மிஷின் பச்சை விளக்கு காட்டியது. கிழவி இரண்டு கையாலும் அவர் முகவாயைத் தொட வந்தாள். அவர் சட்டென்று ஒரு அடி பின்னால் போய்விட்டார். தொட வந்த கை அந்தரத்தில் நின்றது.

அதன் பிறகு ரேகை விழாதவர்கள் எல்லாம் நேராக அவரிடம்தான் போவார்கள். யாருக்கு எந்த விரல் என்பது அவருக்கு மனப்பாடம். முகம் பார்க்காமலே, "நீங்க சோத்துக்கை சுண்டுவெரலு" என்று சொல்லி அனுப்புவார்.

மத்தியானம் மூன்று மணிக்குச் சுரங்கத்தில் சங்கு ஊதும். கொஞ்ச நேரம் கழித்து வெடி வைப்பார்கள். தரை ஒரு முறை லேசாகத் தூக்கிப் போடும். ஜன்னல் கண்ணாடி கிண்ணென்று அதிரும். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அது ஒரு சத்தமே இல்லை. தொட்டிலில் கிடக்கும் குழந்தைகூட எழுந்திருக்காது.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு நாள் மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவர் என் கவுன்ட்டருக்குள் வந்தார். துப்பாக்கியை மடக்கித் திறந்து, உள்ளே இருந்த இரண்டு தோட்டாக்களையும் எடுத்து என் மேஜையில் வைத்தார். சிவப்பு நிறத்தில், என் கட்டைவிரலை விடத் தடிமனாக இருந்தன.

"இத டிராயர்ல வெச்சுப் பூட்டிக்கிங்க மேடம். வெடி முடிஞ்சதும் நானே வந்து கேப்பேன். அப்ப குடுங்க."

"என்கிட்டயா? எதுக்குண்ணே?"

"மூணு மணிக்கு இது என்கிட்ட இருக்க வேணாம்."

"உங்க பாக்கெட்லயே போட்டுக்கலாமே?"

"பாக்கெட்ல இருந்தா என் கைக்குத் தெரிஞ்சிரும்" என்றார்.

 அவர் என் முகத்தைப் பார்த்தார். அதுதான் முதல் தடவை. "மேனேஜர்கிட்ட சொல்ல வேணாம் மேடம். ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க" என்றார்.

டிராயரில் போட்டுப் பூட்டினேன். அவர் வெறும் துப்பாக்கியோடு வாசலுக்குப் போய்ச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். சங்கு ஊதியது. அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. வெடித்தது. கண்ணாடி அதிர்ந்தது. அவர் துளிகூட அசையவில்லை. நெற்றியிலிருந்து வேர்வை சட்டைக் காலருக்குள் இறங்குவதை மட்டும் நான் பார்த்தேன். கால் மணி நேரம் கழித்து வந்து கையை நீட்டினார். அந்தக் கை நடுங்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகே தோட்டாவைக் கொடுத்தேன். அன்றிலிருந்து நானும் ஒருவரின் கையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

தினமும் இது நடந்தது. ஒரு வருஷத்துக்கும் மேலாக நடந்தது. மூன்று மணி நெருங்கினால் பணத்தைத் தப்பாக எண்ணுவேன். மேனேஜரிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை எழுந்திருக்கிறேன். சொன்னால் அவர் வேலை அன்றைக்கே போய்விடும். சொல்லாவிட்டால் ஒரு நாள் இங்கே ஒரு உயிர் போய்விடும். இரண்டையும் நினைத்து நினைத்துத் திரும்ப உட்கார்ந்துவிடுவேன். இரக்கப்பட்டுத்தான் சொல்லவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால், அவரைப் பார்த்துப் பயந்துதான் சொல்லாமல் இருந்தேன் என்று தோன்றுகிறது.

நானும் அவரும் பெரம்பலூரிலிருந்து ஒரே பஸ்ஸில்தான் வந்து போவோம். அவர் எப்போதும் கடைசி சீட்டில், மூலையில்தான் உட்காருவார். அது கிடைக்காவிட்டால் அந்த பஸ்ஸையே விட்டுவிடுவார். ஒரு சாயங்காலம் பஸ்ஸில் சரியான கூட்டம். அவருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு இடம் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். அரியலூர் ரயில்வே கேட் போட்டிருந்தது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. பஸ் எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதியில் அவராகவே பேச ஆரம்பித்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"பட்டாளத்துல நான் இருந்த எடத்துல பயங்கரக் குளிரு மேடம். எல்லாரும் தோள்லேருந்து முட்டி வரைக்கும் தொளதொளன்னு ஒரு அங்கி போட்டிருப்பாங்க. கைய சட்டைக்கையில விட மாட்டாங்க. உள்ளாறயே வெச்சுக்குவாங்க. உள்ள சின்னதா ஒரு நெருப்புச் சட்டி இருக்கும். குளிர் காயறதுக்கு. நானே ஒண்ணு வாங்கி வெச்சிருந்தேன்."

கூட்ஸ் வண்டியின் பெட்டிகள் தடக் தடக்கென்று போய்க்கொண்டிருந்தன.

"ஒருத்தன் நடந்து வந்தான். சின்ன வயசு. சிரிச்ச மூஞ்சி. கை உள்ள இருந்துச்சு. நான் கத்தியிருக்கணும். அதான் டியூட்டி. பாவம், குளிருது, சட்டிதான் வெச்சிருப்பான்னு யோசிச்சேன். ஒரு மூச்சு விடற நேரந்தான் மேடம் யோசிச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா. அவன் கையில இருந்தது சட்டி இல்ல, குண்டு. எங்காளுங்க ரெண்டு பேரு போயிட்டாங்க. ஒருத்தன் எனக்குப் பக்கத்துக் கட்டிலு. காலையில என் சோப்ப எடுத்துட்டுப் போயி குளிச்சான். நான் திட்டுனேன்."

கேட் திறந்தது. எஞ்சின் சத்தத்தில் அவர் கடைசியாகச் சொன்னது பாதிதான் கேட்டது. "இனிமே யோசிக்கக் கூடாதுன்னு..." என்றார்.

உங்கள் மேல் தப்பில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.  இனி யோசிக்கவே கூடாது என்று முடிவு செய்த ஒரு மனுஷன் தினமும் எனக்குப் பத்தடி தூரத்தில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறார் என்பது ஒன்றுதான் அப்போது என் மண்டையில் ஓடியது. பெரம்பலூர் வரும்வரை மடியில் இருந்த பைக்குள் கைவிடாமலே உட்கார்ந்திருந்தேன்.

அவர் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். ஒல்லியான பெண். ஒரு பை நிறையச் சின்ன வெங்காயம் கொண்டுவந்திருந்தார். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

"பாடாலூர்ல எங்க வயலு வெங்காயம் மேடம். பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்றார். நான் கட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. அதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்.

டீ குடித்து முடித்த பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "வழுக்கி விழல மேடம். மத்தியானம் சாப்புட்டுட்டு உக்காந்தபடியே கண்ணசந்துட்டாரு. சட்ட கிழிஞ்சிருந்துச்சு, தைக்கலாம்னு பின்னாடியிருந்து தோள்ல கை வெச்சேன். என் தப்புதான். பேரு சொல்லிட்டுத் தொட்டிருக்கணும்."

"பேர் சொல்லிட்டா?"

"எங்க வூட்டுல அப்படித்தான். புள்ளைங்க பள்ளிக்கூடம் வுட்டு வந்தா வாசல்லயே நின்னு, 'அப்பா, நாந்தாம்பா வரேன்'னு சொல்லிட்டுத்தான் உள்ள வரும். குடம் கீழ வெச்சாக்கூட, 'குடம் வெக்கிறேன்'னு சொல்லிட்டு வெப்பேன். மொதல்ல பாடாலூர்லதான் இருந்தோம். சோளக்காட்டுல பன்னிய வெரட்ட வெடி போடறாங்கல்ல? ஒவ்வொரு வெடிக்கும் புள்ளைங்கள இழுத்துட்டுப் போயி கட்டிலுக்கு அடியில தள்ளிடுவாரு. சின்னவளுக்கு நெத்தியில தையல் போட்டுச்சு. அதுக்கப்புறந்தான் டவுனுக்கு வந்தோம்."

தன் கையைத் தூக்கிக் காட்டினார். "இத ஒடச்ச அன்னிக்கி அவரு பண்ணுனதப் பாக்கணும் மேடம். வூட்டுல இருக்கற கத்தி, அருவாமண, கத்திரிக்கோலு எல்லாத்தையும் பீரோல வெச்சுப் பூட்டி சாவிய என்கிட்ட குடுத்துட்டாரு. இப்ப நான் காய் நறுக்கணும்னா பீரோவத் தொறந்து எடுத்து, நறுக்கிட்டு, திரும்ப வெச்சுப் பூட்டுறேன்."

எனக்கு என் டிராயர் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

"திருச்சியில பட்டாளத்துக்காரங்களுக்கு ஆஸ்பத்திரி இருக்கு. மனசு டாக்டரு இருக்காங்களாம். போலாம்னா வர மாட்டேங்கறாரு. பைத்தியம்னு எழுதிட்டா துப்பாக்கி வேலை போயிரும்ங்கறாரு. உங்கமேல மரியாதை வெச்சிருக்காரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு மேடம்."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம், பொங்கல் கழித்து என்று தள்ளிக்கொண்டே போனேன். மனைவியின் கட்டை அவிழ்த்துவிட்டார்கள் என்று மிலிட்டரி அண்ணனே ஒரு நாள் பஸ்ஸில் சொன்னார். அப்போதும் சொல்லவில்லை.

அன்று காலையிலிருந்து தூறல். பென்ஷன் நாள். ஏழெட்டுப் பேர் உள்ளே இருந்தார்கள். மணி பதினொன்று ஆகியிருக்காது. மூன்று மணிக்கு வரும் சங்குக்காகத்தான் நாங்கள் இரண்டு பேரும் எப்போதும் காத்திருப்போம். காலை நேரத்துக்கு எங்களிடம் எந்த ஏற்பாடும் இல்லை. தோட்டா துப்பாக்கிக்குள் இருந்தது.

ஊரில் யாரோ பெரிய மனிதர் இறந்துவிட்டார். சாவு ஊர்வலம் எங்கள் தெரு வழியாக வந்தது. பறைச் சத்தம் கேட்டது. மிலிட்டரி அண்ணன் எழுந்து வாசலைப் பார்த்தார். நானும் எழுந்தேன். அவரைக் கூப்பிட வாயைத் திறப்பதற்குள் வாசலுக்கு நேரே சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள்.

முதலில் அவர் பக்கத்தில் நின்ற கிழவி கீழே விழுந்தாள். அவர்தான் தள்ளினார். அவள் முதுகுமேல் ஒரு முட்டியை ஊன்றி, அவளைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு, துப்பாக்கியை வாசலுக்கு நேராகத் தூக்கினார். நாற்காலிகள் உருண்டன. யாரோ அலறினார்கள். மேனேஜர் தன் அறைக் கதவை உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்டது.

அந்த நேரம் பார்த்துப் புகைக்குள்ளிருந்து ஒரு ஆள் உள்ளே நுழைந்தார். எனக்கு அவரைத் தெரியும். வயதான விவசாயி. மாதாமாதம் பாஸ்புக்கில் வரவு பதிந்துகொண்டு போவார். தூறலுக்குக் கோணிப்பையைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்தார். அது முட்டிவரை தொங்கியது. பாஸ்புக் நனையாமல் இருக்க இரண்டு கைகளையும் கோணிக்குள்ளேயே வைத்திருந்தார்.

"ஹாத் ஊப்பர்!"

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. விவசாயி நின்றார். அவருக்குப் புரியவில்லை.

"ஹாத் ஊப்பர் கர்! ஹாத்!"

கையைத் தூக்கு என்று மிலிட்டரி அண்ணன் இந்தியில் கத்திக்கொண்டிருந்தார். அவர் கண் எங்கள் பேங்கைப் பார்க்கவில்லை. விவசாயி அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். பயத்தில் வருகிற சிரிப்பு அது. சிரித்த முகத்தோடு ஒரு அடி முன்னால் வைத்தார். கை இன்னும் கோணிக்குள்ளேயே இருந்தது.

ரயில்வே கேட்டில் கேட்டது முழுக்க என் முன்னால் நின்றது. இந்த அறையில் என்ன நடக்கப் போகிறது என்று எனக்கு மட்டும் தெரியும்.  எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. எனக்கு அது மிக நீண்ட நேரம். பிறகு என் வாயிலிருந்து ஏதோ வந்தது.

"அய்யா! கையத் தூக்குங்க! ரெண்டு கையும்! கோணிக்கு வெளிய!"

விவசாயி என்னைப் பார்த்தார். கோணி கீழே விழுந்தது. இரண்டு கையும் மேலே போனது. பாலித்தீன் கவரில் சுற்றிய பாஸ்புக் ஒரு கையில் இருந்தது. மற்றது வெறும் கை. 

துப்பாக்கி இறங்கவில்லை. வெளியே வெடி ஓய்ந்து பறை மட்டும் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.  குழாய் முனை அந்த மார்புக்கு நேராகவே இருந்தது. விசைமேல் அவர் விரல் இருப்பதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த விரல் வெளுத்துப்போயிருந்தது.

கீழே கிடந்த கிழவிதான் பேசினாள். "தம்பி, எந்திரி சாமி. மூச்சு முட்டுது."

அவர் குனிந்து பார்த்தார். யார் பேசியது என்று அவருக்குப் புரியவில்லை. "எந்திரி சாமி" என்று திரும்பவும் சொன்னாள். அவர் முட்டியை எடுத்தார். துப்பாக்கியை மடக்கினார். இரண்டு சிவப்புத் தோட்டாவையும் எடுத்து நேராக நடந்து வந்து என் முன்னால் வைத்தார். பிறகு கிழவியைத் தூக்கி உட்காரவைத்து, அவள் முழங்கையில் இருந்த சிராய்ப்பைத் துடைக்க ஈரத்துணியைத் தேடினார். துணி எப்போதும் தொங்கும் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை. சுவரை இரண்டு கையாலும் தடவிக்கொண்டே இருந்தார்.

மேனேஜர் போலீஸுக்குப் போன் செய்யப் போனார். விவசாயி தண்ணீர் குடித்துவிட்டு, "என்னாத்துக்குங்க போலீஸு? ஒண்ணும் ஆவலியே. பாஸ்புக்க மட்டும் போட்டுக் குடுங்க, நான் போறேன்" என்றார். அவரால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. தண்ணீர் வேட்டியெல்லாம் கொட்டியிருந்தது.

"எழுதுங்க சார்" என்றார் மிலிட்டரி அண்ணன். "நடந்தத அப்படியே எழுதுங்க. நான் கையெழுத்துப் போட்டுத் தரேன். இனிமே துப்பாக்கி எனக்கு வேணாம்."

நானும் பேசினேன். தினமும் மூன்று மணிக்கு நடந்ததை மேனேஜரிடம் சொன்னேன். ஒரு வருஷமாக என் டிராயரில் தோட்டா இருந்ததைச் சொன்னேன். அவர் மனைவி என்னைச் சொல்லச் சொன்ன ஆஸ்பத்திரி வார்த்தையை மூன்று மாதமாக நான் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததையும் சொன்னேன். மேனேஜர் என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வையை இன்றுவரை மறக்க முடியவில்லை. "அந்தப் பெரியவர் செத்திருந்தா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு மெமோ வந்தது. அதில் எழுதியிருந்தது எல்லாம் உண்மைதான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அவரோடும் அவர் மனைவியோடும் திருச்சிக்குப் போனேன். டாக்டர் அறை வாசலில் அவர் நின்றுவிட்டார். நோயாளி உட்காரும் நாற்காலி கதவுக்கு முதுகைக் காட்டிப் போட்டிருந்தது. "மேடம், போயிரலாம்" என்றார் என்னிடம். டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். அவர் நின்ற நிலையையும் நாற்காலியையும் ஒரு முறை பார்த்தார். எதுவும் கேட்காமல் எழுந்து, சுவரோரம் இருந்த தன் நாற்காலியை அவருக்குக் காட்டிவிட்டு, கதவுப் பக்கம் வந்து தான் உட்கார்ந்துகொண்டார். அவர் உள்ளே போனார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வெளியே பெஞ்சில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. "கல்யாணம் ஆயி இத்தன வருஷத்துல இந்தச் சத்தத்த நான் கேட்டதில்ல மேடம்" என்றார்.

கொஞ்ச நாளில் எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அவரைத் துப்பாக்கி இல்லாத வேலைக்கு, வேறொரு ஆபீஸில் பியூனாகப் போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மாத்திரை சாப்பிட்டால் தூக்கமாக வருகிறது என்று அவர் மனைவி போனில் சொன்னார். நடுவில் ஒரு முறை மாத்திரையை நிறுத்திவிட்டார், இரண்டு நாள் வீட்டுக்கே வரவில்லை, கல்குவாரிப் பள்ளத்தோரம் உட்கார்ந்திருந்தவரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள் என்றும் சொன்னார். அதன் பிறகு அந்த நம்பரிலிருந்து போன் வந்தால், எடுப்பதற்கு முன் ஒரு நிமிஷம் அப்படியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன சித்திரையில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். முகூர்த்த நாள். சென்னை பஸ்ஸும் திருச்சி பஸ்ஸும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. கூட்டம் அலைமோதியது. அந்தக் கூட்டத்துக்கு நட்ட நடுவில், சுவர் இல்லாத, தூண் இல்லாத இடத்தில், அவர் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தார். கண்ணை மூடியிருந்தார். கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. சட்டை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது.

எனக்கு முதலில் ஓடத்தான் தோன்றியது. அதை மறைக்க விரும்பவில்லை. சுற்றிலும் குழந்தைகள், பை தூக்கிக்கொண்டு ஓடும் பெண்கள். யாராவது பின்னாலிருந்து அவர்மேல் மோதினால்? நான் கூப்பிட வாயெடுத்தேன். யாரோ என் புடவையை இழுத்தார்கள். அவர் மனைவி. கடை ஓரமாகக் கையில் செல்போனோடு நின்றுகொண்டிருந்தார்.

"கூப்புடாதீங்க மேடம். டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. கூட்டத்துக்குப் பழகறதுக்கு வாரத்துக்கு ஒரு நாளு இப்படி நிக்கணுமாம். ஆரம்பத்துல ஒரு நிமிஷங்கூட முடியல. ஓடியாந்துருவாரு. இன்னிக்குப் பத்து நிமிஷம்."

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"நாலு."

நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். திருச்சி பஸ் ஹாரனை அமுக்கிப் பிடித்தது. அவர் தோள் ஏறி இறங்கியது. ஒரு பையன் ஓடிவந்து அவர் முதுகில் முட்டிவிட்டுப் போனான். அவர் விரல்கள் மடங்கின. முழு முஷ்டியாக இறுகின.  அவர் மனைவி செல்போனைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தார். பிறகு ஒவ்வொரு விரலாக விரிந்தது. என் பஸ் வந்தது, நின்றது, புறப்பட்டுப் போனது.

நேரம் முடிந்ததும் அவரே கண்ணைத் திறந்தார். எங்களைப் பார்த்து மெதுவாக நடந்து வந்தார். உதடு வெளுத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார். என் கையைப் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். பார்த்தார். பார்த்துவிட்டு முகத்துக்கு வந்தார்.

"ரொம்ப நேரமா நிக்கிறீங்களா மேடம்? பயந்துட்டீங்களா?"

"ஆமாண்ணே" என்றேன்.

"நானுந்தான் மேடம்" என்றார்.